‘எதிர்வினைக் கவசம்’ வேண்டாம், ‘எறிதகட்டுக் கவசம்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

குண்டு துளைக்காமல் தடுக்கச் சோவியத் டாங்கிகளின் உடம்பெல்லாம் ஒட்டியிருக்கும் வெடிப்பெட்டிகளை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ப்ளோசிவ் ரியாக்டிவ் ஆர்மர்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் இதுவரை இரண்டு சொற்கள் வந்துள்ளன: ‘எதிர்வினைக் கவசம்’, ‘வெடிக்கவசம்’. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. வெடிக்கவசம் என்றால் வெடியிலிருந்து காக்கும் கவசம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘எதிர்வினை’யோ ஆங்கிலச் சொல்லின் நிழல். கட்டுரைக்கு வாசகர் எழுதும் பதிலும் எதிர்வினைதான். தாக்கினால் ஏதோ செய்யும் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் காட்டவில்லை.

இதைத் தங்கள் டாங்கிகளில் பொருத்திய ரஷ்யர்கள் பெரும்பாலும் ‘எதிர்வினை’ என்று சொல்வதில்லை. அவர்கள் வழக்கு ‘தினமீச்செஸ்கயா ஸஷ்சீத்தா’, அதாவது இயங்கும் காப்பு. டி-64பிவி, டி-72ஏவி, டி-80பிவி என்ற டாங்கிப் பெயர்களின் கடைசியில் வரும் ‘வி’ வெடியைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து. அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாமும் அப்படியே செய்யலாமே.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? 1982இல் லெபனானில் இஸ்ரேலிய டாங்கிகள் ‘பிளேசர்’ என்ற இத்தகைய வெடிப்பெட்டிகளோடு இறங்கின. அதையடுத்துச் சோவியத் படையில் ‘கான்டாக்ட்-1’ என்ற வகை பரவியது. டி-72பி டாங்கியில் 227 பெட்டிகள். ஒன்று 5 கிலோவுக்குச் சற்று மேல், மொத்தம் ஏறத்தாழ 1.2 டன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 4எஸ்20 என்ற தட்டையான பொதிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று சாய்வாக. ஒவ்வொரு பொதியும் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு நடுவே கால் கிலோ அளவு வெடிமருந்து. துப்பாக்கிக் குண்டு பட்டால் அது வெடிக்காது. டாங்கியைத் துளைக்கும் ‘குவிவெடி’ குண்டு, வெடிப்பின் விசையைக் குவித்து மெல்லிய செம்புத் தாரையாகப் பாய்ச்சும். அந்தத் தாரை நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் துளைக்கும்போதுதான் பொதி வெடிக்கும். உடனே தகடுகள் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. தாரை சாய்வாக வருவதால், பறக்கும் தகடு அதன் பாதையில் புதிது புதிதாக உலோகத்தை நீட்டிக்கொண்டே போகிறது. தாரை துண்டு துண்டாகிச் சிதறுகிறது. நேர்குத்தாக வந்து பட்டால் பயன் மிகக் குறைவு. சாய்த்துப் பொருத்துவது அதற்காகத்தான்.

ஆக, காப்பது பறக்கும் தகடு. வெடிமருந்து அதை எறிகிற கை மட்டுமே. அதனால் என் பரிந்துரை: எறிதகடு, எறிதகட்டுக் கவசம். எறிகணை, எறிகுண்டு போல இதுவும் வினைத்தொகை. யாருக்கும் விளக்க வேண்டாம். வெடி என்ற சொல் இல்லையே என்பவர்கள் முதல் இடத்தில் ‘வெடியெறி தகட்டுக் கவசம்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

‘எதிர்வெடிக் கவசம்’ என்றொரு சொல்லும் முதலில் மனதில் வந்தது. அழகான சொல், எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வெடிமருந்தே இல்லாத ஓர் உறவினர் இந்தக் குடும்பத்தில் உண்டு. டி-72பியின் பீரங்கி சுழலும் மேற்கூட்டின் முன்பக்கத்துக்குள் எஃகு, ரப்பர், எஃகு என்று அடுக்குகள் வைத்திருக்கிறார்கள். தாரை பட்டதும் தகடு புடைத்துக்கொண்டு குறுக்கே வரும். அதை எதிர்வெடி என்று எப்படிச் சொல்வது? ‘தகடு’ கையில் இருந்தால் இதுவும் எளிது: புடைதகட்டுக் கவசம். ஒரு சொல் தன் குடும்பத்தையும் சேர்த்துப் பெயரிட உதவ வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னால் வந்த கான்டாக்ட்-5க்கும் இது பொருந்துகிறது. அதில் தடித்த வெளிமூடியே எறிதகடாகி, அம்பு போன்ற நீளமான குண்டைக்கூட முறிக்கிறது. ஆவடியில் தயாரான டி-90 பீஷ்மா டாங்கியில் இருப்பது அந்த வகைதான். அந்த ஊர்க்காரர்கள் செய்யும் வண்டிக்கு நம் மொழியில் பெயர் இல்லாதது எனக்கு உறுத்தல்.

பெட்டி வேறு, பொதி வேறு என்பதையும் பிரித்தே எழுதுவோம். 1994 கடைசியில் செச்சன்யாவின் தலைநகர் குரோஸ்னிக்குள் நுழைந்த ரஷ்ய டாங்கிகள் பலவற்றில் பெட்டி இருந்தது, பொதி இல்லை. வெறும் தகரப்பெட்டியை நம்பி உள்ளே போனார்கள். இரண்டுக்கும் ‘வெடிச்செங்கல்’ என்று ஒரே சொல்லைப் போட்டால் அந்தத் துயரத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

ஒன்று மட்டும் எனக்குச் சிக்கவில்லை. எறிதகட்டை ஏமாற்ற, முன்னால் சிறிய குவிவெடி ஒன்று பெட்டியை வெடிக்கவைத்து, பின்னால் பெரியது துளைக்கும், தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி குண்டு 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ‘இரட்டைக் குவிவெடி’ என்றால் வரிசை தெரியவில்லை, ‘அடுக்குக் குவிவெடி’ என்றால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றுகிறது. ‘முன்பின் குவிவெடி’ காதுக்கு ஒத்துவருமா? சொல்லுங்கள்.