மறு: ‘ஹேங்’ ஆவதற்குத் தமிழ்ச் சொல் – ‘தேக்கம்’ என்று வைப்போமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கணினி நிரல் பதில் சொல்லாமல் அப்படியே நிற்பதை, அதாவது ‘ஹேங்’ ஆவதை, தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட இந்தத் திரியில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உறைவு, முடக்கம், செயலிழப்பு. மூன்றுமே வேண்டாம், ‘தேக்கம்’ என்று வைப்போம் என்பது என் கருத்து. முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில் ‘நிகழ்வுத் தேக்கம்’ என்று சொல்லலாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் சி ஷார்ப்பும் பைத்தானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஓமலூர், ஆத்தூர், இளம்பிள்ளைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. அவர்கள் முதலில் எழுத ஆசைப்படுவது பெரும்பாலும் வீட்டுத் தொழிலுக்கான கணக்கு நிரல்தான். தறிக் கூலி, ஜவ்வரிசி மூட்டை இருப்பு, கொலுசுப் பட்டறைக் கணக்கு, இப்படி. எழுதி முடித்து ஓட்டிப் பார்த்ததும் வந்து சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: “சார், ஹேங் ஆயிடுச்சு.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் வேறு வேறு வழுக்கள் (நிரல் பிழைகள்) பல ஒளிந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஒரு நிரலை அருகில் போய்ப் பார்ப்போம். சிவதாபுரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் வீட்டுக் கொலுசுப் பட்டறைக்காக எழுதியது. பார்ட்டி பெயர், எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி என்று நான்கு பெட்டிகள், கீழே ‘ரசீது’ என்று ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால், இன்னொரு கணினியின் பகிர்ந்த கோப்புறையில் இருக்கும் தரவுத்தளத்தைத் திறந்து, அந்தப் பார்ட்டியின் பழைய கணக்கு முழுவதையும் வாசித்து, நிலுவையைக் கூட்டி, ரசீதை அச்சுக்கு அனுப்பும். அத்தனையும் பொத்தானின் நிகழ்வு கையாளிக்குள்ளேயே, அதாவது பொத்தானை அழுத்தியதும் ஓடும் நிரல் பகுதிக்குள்ளேயே, எழுதப்பட்டிருந்தது. சோதனைக்குப் போட்ட சில வரிகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பட்டறையின் பல வருடக் கணக்கை ஏற்றிய பிறகு அவருடைய அப்பா பொத்தானை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னொரு தடவையும் அழுத்தினார். சாளரம் வெளிறிப்போய்த் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் வந்து, ஒரே ரசீது மூன்று முறை அச்சாகி வெளியே விழுந்தது. மாணவர் அச்சுப்பொறியில்தான் கோளாறு என்று அதன் டிரைவரை அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார்.

கோளாறு அச்சுப்பொறியில் இல்லை. நிரலுக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டுபோகும் ஓட்டத்தை இழை (‘த்ரெட்’) என்கிறோம். விண்டோஸில் சாளரத்தை உருவாக்கிய இழைக்கு ஒரு செய்தி வரிசை உண்டு. சொடுக்கு, விசை அழுத்தம், ‘உன்னை மறுபடி வரைந்துகொள்’ என்ற கோரிக்கை எல்லாம் அந்த இழையின் வழியாகத்தான் சாளரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். நிரலின் நிகழ்வுச் சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உரிய கையாளியிடம் கொடுக்கும். கையாளி வேலையை முடித்துத் திரும்பினால்தான் அடுத்ததை எடுக்க முடியும். மேட்டூர் அணைக்கு வரத்து வந்துகொண்டே இருக்க, திறப்பை நிறுத்திவிட்டால் நீர்மட்டம் ஏறுவதுபோல, கையாளி திரும்பாதவரை வரிசை ஏறிக்கொண்டே போகும். ஐந்து நொடிகளுக்கு மேல் அந்த இழை செய்தி எதையும் எடுக்கவில்லை என்றால், பதிலளிக்காத சாளரம் என்று விண்டோஸ் முடிவு செய்து, அதே அளவில் அதே இடத்தில் ஒரு போலிச் சாளரத்தை மேலே போட்டுவிடும். நாம் பார்க்கும் அந்த வெளிறிய முகம் நம் நிரலுடையதே அல்ல. வரிசைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு, இயல்பாக 10,000 செய்திகள்.

அப்பா அழுத்திய இரண்டாவது, மூன்றாவது சொடுக்குகள் எங்கும் தொலையவில்லை. வரிசையில் தேங்கி நின்றன. முதல் கையாளி திரும்பியதும் அடுத்தடுத்து எடுக்கப்பட்டன. மூன்று ரசீதுக்கும் கணக்குச் சரியாகிவிடுகிறது.

இப்போது முன்மொழிந்த சொற்களைப் பாருங்கள். ‘உறைவு’ என்றால் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். உள்ளே ஏதோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணமே வராது. மூன்று ரசீதை அந்தச் சொல்லால் விளக்க முடியாது. ‘செயலிழப்பு’ இன்னும் தள்ளிப்போகிறது. நிரல் செயலிழக்கவில்லை, மூச்சுமுட்ட வேலை செய்கிறது. செயலிழப்பு என்று படித்த மாணவர் விதிவிலக்குச் செய்தி (‘எக்செப்ஷன்’, ஓடும்போது எழும் பிழை அறிவிப்பு) எங்கே என்று தேடுவார், அப்படி ஒன்று வந்தே இருக்காது. விண்டோஸே இந்த இரண்டையும் பிரித்துத்தான் பதிகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் நிரல் விழுந்துபோனால் 1000 என்ற எண்ணிலும், பதிலளிக்காமல் நின்று மூடப்பட்டால் 1002 என்ற எண்ணிலும் பதிவு இருக்கும். விழுந்துபோவதற்குச் ‘செயலிழப்பு’ பொருத்தமான சொல். அதை அதற்கே விட்டுவிடுவோம்.

‘முடக்கம்’ பலருக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கி அழுத்த முடியாமல் செய்வதை ஏற்கெனவே ‘முடக்கு’ என்கிறோம். இந்த வழுவுக்கான தீர்வின் முதல் படியே அதுதான்: வேலை தொடங்கியதும் பொத்தானை முடக்கு, முடிந்ததும் இயக்கு. ‘முடக்கத்தைத் தவிர்க்கப் பொத்தானை முடக்கவும்’ என்று பாடத்தில் எழுத முடியுமா? நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் வைத்தால் புதிதாகப் படிப்பவர் என்ன செய்வார்?

‘தேக்கம்’ எனக்குப் பிடிக்க இன்னொரு முக்கியமான காரணம் அதன் வினைகள். தேங்கு என்பது தன்வினை, தேக்கு என்பது பிறவினை. நிகழ்வுகள் தேங்குகின்றன, இந்த வரி நிகழ்வுகளைத் தேக்குகிறது. ‘எந்த வரி தேக்குகிறது?’ என்று கேட்டாலே பாதி வழுநீக்கம் முடிந்தது. வேலை முடியும்வரை இழையைப் பிடித்துவைக்கும் ‘பிளாக்கிங் கால்’ என்பதைத் தேக்கும் அழைப்பு என்றும், அதன் எதிரைத் தேக்கா அழைப்பு என்றும் சொல்லலாம். ஒரே வேரிலிருந்து நான்கு சொற்கள், நான்கும் வாயில் தடையில்லாமல் வருகின்றன. ‘உறை’யிலும் ‘முடங்கு’விலும் இந்த வசதி இவ்வளவு இயல்பாக அமையவில்லை.

அப்புறம், வந்திருக்கும் மறுப்புகள்.

> எல்லோரும் ‘ஹேங்’ என்றுதான் சொல்கிறார்கள், புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

ஆத்தூர் ஐயா கேட்டிருக்கிறார். பேச்சில் ‘ஹேங்’ தாராளமாக இருக்கட்டும் ஐயா, அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் பாடம் எழுதும்போது வழுவை வகைபிரிக்கத்தான் வேண்டும். நம் இலக்கணம் வழுவை அப்படித்தான் நடத்தியது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று நன்னூல் ஏழாகப் பிரித்தது, எது மயங்கியது என்று தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும் என்பதால்தானே? இந்த ஊரிலிருந்து கலைச்சொல் பேசுவதும் புதிதல்ல. 1916-இல் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் சொற்களை எளிய தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அன்றைக்கும் ஆங்கிலச் சொல் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. தமிழில் படிக்கப் போகிறவர்களுக்குத்தான் தேவைப்பட்டது.

> சேமிப்பகத்தைத் ‘தேக்ககம்’ என்றும் எழுதுகிறார்களே, குழம்பாதா?

ஏற்காட்டிலிருந்து எழுதும் அம்மாவின் கேள்வி. நியாயமானது. அதனால்தான் முதல் தடவை ‘நிகழ்வுத் தேக்கம்’ என்று முழுதாக எழுதலாம் என்கிறேன். தேக்ககம் ஓர் இடம், தேக்கம் ஒரு நிலை. தவிர, சேமிப்பகம், நினைவகம் என்ற சொற்களே இன்று அதிகம் புழங்குகின்றன.

> யாரும் எதையும் அழுத்தாவிட்டாலும் சாளரம் அசையாமல்தானே நிற்கிறது? அப்போது தேங்குவது எது?

இதுதான் இந்தத் திரியில் வந்த கூர்மையான கேள்வி. வரைந்துகொள்ளச் சொல்லும் கோரிக்கை அப்போதும் காத்திருக்கிறது. இதற்கு நேர்ச்சான்று எல்லா மாணவர்களின் நிரலிலும் கிடைக்கும். வேலை தொடங்கும் முன் ‘கணக்கு எடுக்கிறது, காத்திருக்கவும்’ என்று ஒரு லேபிளில் எழுதச் சொல்லி ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வாசகம் திரையில் தெரியவே தெரியாது. வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். வரி ஓடவில்லையோ என்று அதைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதுவார்கள். வரி ஓடிவிட்டது. அதை வரையும் செய்திதான் தேங்கி நிற்கிறது.

சரி, ஒரு நிரல் நின்றுவிட்டால் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லை ஏற்றுக்கொண்டால் பாடமும் இப்படித்தான் போகவேண்டும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த நிரல் எடுக்கும் சிபியு அளவைப் பார்க்கச் சொல்வேன். எட்டு மையங்கள் (‘கோர்’) உள்ள கணினியில் முடிவில்லாச் சுழல் ஒன்று ஒரு மையத்தை முழுசாகத் தின்றாலும், சுமார் 12 விழுக்காடு என்றுதான் காட்டும். ‘குறைவாகத்தானே இருக்கிறது’ என்று பிள்ளைகள் அதைக் கடந்துபோய்விடுவார்கள். நூறை மைய எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கப் பழக்கவேண்டும். அந்த அளவையொட்டி அசையாமல் நின்றால் கணக்கிடலோ சுழலோ தேக்குகிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிரல் எதற்கோ காத்திருக்கிறது: கோப்பு, வலையமைப்பு, தரவுத்தளப் பூட்டு. அடுத்து, விஷுவல் ஸ்டுடியோவில் வழுநீக்கியோடு ஓட்டி, நின்றதும் ‘பிரேக் ஆல்’ அழுத்தினால், முதன்மை இழை (சாளரத்தை உருவாக்கிய இழை) எந்த வரியில் நிற்கிறது என்பது அழைப்பு அடுக்கில் (எது எதை அழைத்தது என்ற பட்டியலில்) தெரிந்துவிடும். அதுதான் தேக்கும் வரி. நமது ரசீது நிரலில் அது தரவுத்தளத்தை வாசிக்கும் வரியாக இருந்தது. அச்சிடும் வரி பக்கத்தில்கூட இல்லை.

முதன்மை இழை ஒரு பணியின் விடைக்காகக் காத்திருக்க, அந்தப் பணியோ முடிவதற்கு முதன்மை இழைக்கே திரும்பி வரவேண்டியதாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. சி ஷார்ப்பில் அசிங்க் பணியின் (தனியே ஓடி, பிறகு விடை தரும் பணியின்) மேல் ‘ரிசல்ட்’ என்று நேராகக் கேட்கும்போது வருவது. இதுவும் தேக்கம்தான், ஆனால் தானாகத் தீராது. இதை நம்மில் சிலர் ‘முட்டுநிலை’ என்று எழுதுகிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் தேடும் மாணவருக்குச் சீக்கிரம் கிடைக்கும் தீர்வு ‘டூஈவென்ட்ஸ்’, அதாவது வேலையின் நடுவிலேயே வரிசையில் நிற்கும் செய்திகளை எடுத்துக் கவனிக்கச் சொல்லும் கட்டளை. சுழலுக்குள் அந்த ஒரு வரியைப் போட்டால் சாளரம் அசையும், உண்மைதான். ஆனால் முதல் வேலை பாதியில் இருக்கும்போதே இரண்டாவது சொடுக்கு உள்ளே நுழைந்து அதே கையாளியை மறுபடி தொடங்கிவிடும். வெளிச்சுற்று வாசித்துக்கொண்டிருக்கும் பட்டியலை உள்சுற்று மாற்றினால், பட்டியல் மாற்றப்பட்டுவிட்டது என்ற விதிவிலக்கோடு நிரல் விழும். தேக்கம் போய்ச் செயலிழப்பு வந்தது. இரண்டுக்கும் தனிச்சொல் இருந்தால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிகிறது, பாருங்கள். சரியான வழி, பொத்தானை முடக்கி, நீண்ட வேலையைப் பின்னணி இழைக்கு அனுப்பி, முதன்மை இழையைப் பிடித்துவைக்காத ‘அவெய்ட்’ போட்டுக் காத்திருந்து, விடை வந்ததும் திரையைப் புதுப்பித்துப் பொத்தானை இயக்குவது. பின்னணி இழையிலிருந்து நேராக லேபிளைத் தொட்டால் வேறொரு விதிவிலக்கு வரும். அதைத் தனிப் பாடமாக எழுதவேண்டும்.

சாளர நிரல்களைப் பைத்தானில் டிகின்டர் கொண்டு எழுதுகிறவர்களுக்கும், ஜாவாவில் ஸ்விங் கொண்டு எழுதுகிறவர்களுக்கும் இதே சொல் அப்படியே பொருந்தும். அங்கேயும் ஒரே இழைதான் நிகழ்வுகளை எடுத்துக் கொடுக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: நிகழ்வுத் தேக்கம், தேங்கு, தேக்கு, தேக்கும் அழைப்பு, தேக்கா அழைப்பு. ஐந்தையும் ஒன்றாகவே ஏற்றுக்கொள்ளுங்கள் அல்லது ஒன்றாகவே மறுத்துவிடுங்கள், தனித்தனியாகப் பிரித்தால் பயன் குறையும். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு அதன் தன்வினை, பிறவினை, எதிர்மறை வடிவங்களையும் சேர்த்து அனுப்பினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து

பி.கு.: ‘பதிலளிக்கவில்லை’ என்று தலைப்பில் வரும் வாசகத்தை மாற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பயன்படுத்துகிறவருக்கான வாசகம், அவருக்கு அது போதும். தேக்கம் நிரல் எழுதுகிறவருக்கான சொல்.