ஒட்டும் பிவிசி, உதிரும் தங்க நிறம்: பழைய ஆக்‌ஷன் ஃபிகர்களில் பார்த்தவை

பல வருஷம் மூடியே கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த ஃபிகர் (கைகால் அசையும் பொம்மை) கையில் பிசுபிசுத்தால், அழுக்கு என்று நினைத்துச் சுரண்டாதீர்கள். பிவிசி பிளாஸ்டிக் இளக்கமாக இருப்பதற்காகக் கலந்த பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்தான் கசிந்து மேலே நிற்கிறது. காற்று புகாத பெட்டியும் வெக்கையும் சேர்ந்தால் அது ஆவியாக வழியின்றி அங்கேயே தேங்கும். கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில், 40 டிகிரியைத் தாண்டாமல், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மிருதுவான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நிழலில் முழுக்கக் காயவேண்டும். உள்ளே ஸ்பிரிங், திருகு, மின்சாரப் பாகம் எது இருந்தாலும் முக்கி எடுக்காமல் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில மாதத்தில் மறுபடி ஒட்டும். மறுபடி கழுவ வேண்டியதுதான், வேறு மருந்து கிடையாது. டால்கம் பவுடர் தூவினால் ஒட்டுவது தெரியாது, அவ்வளவே. பவுடர் எண்ணெயோடு குழைந்து மடிப்புகளில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில பெயின்ட்டைத் தூக்கிவிடும். முதலில் பாதத்தின் அடியில் ஒரு புள்ளி தொட்டுப் பாருங்கள். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

*

கழுவுவது சரி. கழுவிய பிறகு எதோடு சேர்த்து வைக்கிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இளக்கமான பிவிசி துப்பாக்கியோ, தோளில் தொங்கும் கேப்போ கெட்டியான ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் பாகத்தின் மேல் வருஷக்கணக்கில் அழுந்திக் கிடந்தால், பிளாஸ்டிசைசர் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உருகிய தழும்பு. பொம்மை வண்டிகளின் டயர் பட்ட இடத்தில் இது அதிகம், நாமே ஒட்டிச் சேர்க்கும் பாலிஸ்டைரீன் மாடல் கிட் என்றால் இன்னும் மோசம். அதனால் ஒரே ஃபிகரின் சாமான் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட வேண்டாம். இளக்கமானவை தனி, கெட்டியானவை தனி. எது எந்த ஃபிகருடையது என்று சீட்டு எழுதி வைத்தால் போதும்.

நடுவில் வைக்க பாலியெஸ்டர் தாள் நல்லது. பபிள் ராப் நேரடியாகப் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். செய்தித்தாளின் மை ஏறினால் போகாது. ஸ்பாஞ்சும் டிஷ்யூவும் பிளாஸ்டிசைசரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிவிசி வறண்டு சுருங்கும்.

*

மூட்டு இறுகியிருந்தால் முறுக்காதீர்கள். ஹேர் டிரையரை ஒரு ஜாண் தள்ளிப் பிடித்து அரை நிமிஷம் சூடு காட்டி, மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்ததும் ஊசி முனையில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு விடும்.

1982 முதல் 1994 வரை வந்த 3¾ அங்குல ஜி.ஐ. ஜோ ராணுவ பொம்மை கையில் கிடைத்தால் இடுப்பை ஆட்டிப் பார்ப்பதற்கு முன் முதுகுத் திருகைக் கழற்றுங்கள். உள்ளே மார்பையும் கால்களையும் சேர்த்துப் பிடிப்பது ஓ-ரிங் எனும் ஒரு ரப்பர் வளையம்தான். அது காய்ந்திருந்தால் அறுந்து, கால் கழன்று விழும். பழையது முழுசாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. வளையத்தை இடுப்புத் துண்டின் துளை வழியாக விட்டு, ஒரு முனையைக் கால்களின் உலோகக் கொக்கியிலும் மறுமுனையைத் திருகுத் தூணிலும் மாட்ட வேண்டும். கெட்டியாக நிற்கட்டும் என்று சின்ன அளவு போட்டீர்களோ, இழுவை தாங்காமல் இடுப்புத் துண்டு முறியும். அந்த வரிசையில் அதற்கடுத்துப் போவது கட்டைவிரல்: தடித்த பிடியுள்ள ஆயுதத்தைக் கையில் திணித்து வைப்பதால்.

*

அடுத்து, தங்க நிறப் பிளாஸ்டிக். 80களின் கடைசியிலும் 90களிலும் வந்த சில டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (உருமாறும் ரோபோ) பொம்மைகளில், உலோகத் துகள் சுழல் சுழலாகத் தெரியும் தங்க நிறப் பிளாஸ்டிக் உண்டு. திறக்காத பெட்டிக்குள்ளேயே அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உலோக ஊசி அடித்துச் சேர்த்த மூட்டில்தான் முதலில் விரிசல் தெரியும். சரிசெய்ய வழி இல்லை. நிற்கும் நிலையிலேயே விடுங்கள், உருமாற்றிப் பார்க்க வேண்டாம். மேலே தங்கப் பெயின்ட் மட்டும் அடித்த பாகத்துக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

ஆள் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு (1/6) அளவு ஃபிகர்களின் பாலியூரித்தேன் தோல் ஜாக்கெட்டும் இதே கதை. காற்றின் ஈரமே அதைச் சிதைக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

*

பிளாஸ்டிக் மஞ்சளாவதற்கு வெயில் மட்டும் காரணம் என்றால் இருட்டில் இருந்தவை ஏன் மஞ்சளாகின்றன? ஆக்சிஜனும் சூடும் போதும். வெயில் அதை வேகப்படுத்துகிறது. ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியை நம்ப வேண்டாம், சாதாரணக் கண்ணாடி யுவி-ஏ எனும் புற ஊதாக் கதிரில் பெரும்பங்கை உள்ளே விடும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி யுவி விளக்கில் வைத்தால் வெளுக்கும், உண்மைதான். ஆனால் மஞ்சள் திரும்பி வரும். சீராகப் பூசாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கும். பெயின்ட் உள்ள ஃபிகருக்கு அது வேண்டவே வேண்டாம்.

*

ஒளிரும், பேசும் ஃபிகர்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃபிகரைப் பெட்டிக்குள் வையுங்கள். கசிந்த ஆல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பொடி காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து, உலரவிடுங்கள்.