அரவர்: எடுத்து ஆடத்தக்க பாம்பினத்துக்குப் பின்கதை வேண்டும்

பகடையுருட்டி:

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு சமூக மன்ற அறையை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை மாலைகளில் பாத்திர ஆட்டம் நடத்துகிறோம். பகடை, தாள், பென்சில், வாய்ப்பேச்சு, அவ்வளவுதான், முழுக்கத் தமிழில். கதையை நடத்துபவன் நான். உலகமும் என் சொந்தச் சரக்கு: ஒரு நீரிணையின் நடுவே பவழத்துறை என்றொரு துறைமுகத் தீவு, கரையெங்கும் சதுப்பு, உள்ளே பழங்காடு, நாலு திசையிலிருந்தும் கப்பல்கள்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் பாம்பினத்துப் பாத்திரம்தான் வேண்டும் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் கையில் இருக்கும் விதிநூல்களில் பாம்பு மக்கள் என்றாலே இடிந்த கோயில், நரபலி, உலகைப் பிடிக்கும் சதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் 1981இல் தலைகாட்டிய யுவான்-டி தொடங்கி இதே பாட்டு. வெட்டிச் சாய்க்கும் எதிரிக்கு அது போதும். ஒருவர் மாதக்கணக்கில் அந்தத் தோலுக்குள் இருந்து ஆடுவதற்குப் போதாது.

இனத்துக்கு அரவர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதுவரை எழுதியது: மூன்று குலங்கள். நஞ்சுள்ள நச்சர் ஆள்பவர்கள், பெருத்த பாந்தளர் போர்வீரர்கள், மரமேறும் பச்சையர் ஒற்றர்கள். எல்லாருக்கும் நஞ்சு ஏறாது, எல்லாரும் நஞ்சு துப்பலாம். காலா வாலா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. வால் என்றால் ஏணியில் எப்படி ஏறுவது, குதிரையில் எப்படி உட்காருவது என்று மேசையில் ஒரு மாலையே சண்டை போட்டோம்.

பெரிய சிக்கல் வேறு. இவர்கள் ஏன் மனிதரோடு சேர்ந்து ஊர் சுற்ற வேண்டும்? எங்கள் குழுவில் ஒரு நண்பர், "பக்கத்தில் பாம்பு படுத்திருந்தால் என் பாத்திரம் அன்றிரவே மூட்டையைக் கட்டிவிடும்" என்கிறார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பதை அவர் விதியாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஜோடியைக் கொன்றவனைத் தேடிவந்து பழிவாங்கும் சினிமா நாகமும் எனக்கு வேண்டாம். யோசனை சொல்லுங்கள்.

சதுப்புநிலத்தான்:

தம்பி, நான் பகடையைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் வழிகாட்டித் தொண்டூழியம் செய்பவன், பாம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

முதலில் அந்த மூன்று குலத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். பிறப்பால் ஒருவன் ஆள்பவன், ஒருவன் ஒற்றன் என்பதை நாம் வேறெங்கேயோ போதுமான அளவு பார்த்தாயிற்று. யுவான்-டியிலும் இதே அடுக்குதான்: மனிதச் சாயல் மிகுந்தவன் கீழே, பாம்புச் சாயல் மிகுந்தவன் மேலே. சனிக்கிழமை மாலையிலுமா?

பாம்பின் உடம்பிலிருந்து தொடங்குங்கள். அந்த உடம்புக்கு என்னென்ன தொல்லைகள் உண்டோ அவைதான் உங்களுக்குக் கதை.

ஒருமுறை சதுப்பில் பலகைப் பாதையின் கீழே ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. உடலெங்கும் வலைப்பின்னல் கோலமிட்ட இனம்; உலகில் இதைவிட நீளமாக வளரும் பாம்பு கிடையாது, நம் ஊர்க் கால்வாய்களில் எலி தேடித் திரிவதும் இதுதான். மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். தோலில் பளபளப்பே இல்லை. கண்கள் இரண்டும் அரிசி களைந்த நீர்போல் வெளுத்திருந்தன. சட்டை உரிக்கப் போகும் பாம்பு அப்படித்தான் இருக்கும். அதற்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் கண்ணாடிபோல் ஒரு செதில் உண்டு, சட்டையோடு அதுவும் கழன்று வரும். பழைய செதிலுக்கும் புதியதற்கும் நடுவே நீர் கோத்துக்கொள்வதால் சில நாள் பார்வை மங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் அது இரை தேடாது, ஒளிந்துகொள்ளும், தொட்டால் சீறும். என்னோடு வந்த பள்ளிப்பிள்ளை ஒருத்தி, "அதற்கு யார் துணை?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். உங்கள் அரவருக்கு ஆள் இருக்கட்டும்.

சட்டை உரிக்கும் நாட்களில் ஓர் அரவருக்குக் கண் தெரியாது, தோல் கூசும், வாள் பிடிக்க முடியாது. அப்போது காவலுக்கு உட்கார ஒருவர் வேண்டும். அந்த ஆள் இன்னோர் அரவராக இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்குக் காரணமும் காட்டிலேயே இருக்கிறது: ராஜநாகத்தின் முதன்மையான உணவு மற்ற பாம்புகள். பசியோடு இருக்கும் உறவினனை நம்பிக் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? எனவே ஒவ்வோர் அரவரும் வாழ்நாளில் ஒரு மனிதனையோ வேறு இனத்தவரையோ தேடிப் பிடித்தாக வேண்டும். அதற்காகத்தான் துறைமுகத்துக்கு வருகிறார்கள், அதற்காகத்தான் உங்கள் குழுவில் சேர்கிறார்கள். சட்டைக்காவல் இருந்தவன் அன்றுமுதல் உறவு. உரித்த சட்டையில் பாதி அவனுக்கு.

அதே ராஜநாகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெண் பாம்பு சருகைக் கூட்டிக் கூடு கட்டி, முட்டைகளைக் காவல் காக்கும். வேறெந்தப் பாம்பும் அப்படிக் கூடு கட்டுவதில்லை. இனத்தையே தின்னக்கூடியவளும் அவள்தான், பிள்ளைகளுக்கு வீடு கட்டுபவளும் அவள்தான். பவழத்துறையில் அவளை நீதிபதியாக உட்காரவைத்துப் பாருங்கள். எவன் பொய் சொல்வான்?

காலா வாலா? வால் வையுங்கள். பாம்பு ஏறாத மரமா, ஏணி என்ன பெரிய காரியம். குதிரையைப் பொறுத்தவரை, குதிரைதான் ஒப்புக்கொள்ளாது. விட்டுவிடுங்கள், படகில் வரட்டும். ஆனால் ஒன்று: மலைப்பாம்புக்கு வால் தொடங்கும் இடத்தில் இருபுறமும் நகம்போல் இரண்டு சிறு முட்கள் உண்டு. ஒரு காலத்தில் இருந்த பின்கால்களின் மிச்சம் அவை. பாம்பின் கால் பாம்பறியும் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை போலும்! அரவர் சத்தியம் செய்யும்போது அந்த முள்ளைத் தொட்டுச் செய்யட்டும்.

சாப்பாட்டை மறக்காதீர்கள். பெரிய இரையை விழுங்கிய மலைப்பாம்பு நாட்கணக்கில் நகராது, அடுத்து வாரக்கணக்கில் சாப்பிடாமலும் இருக்கும். உங்கள் குழு நாளைக்கு மூன்று வேளை அடுப்பு மூட்டும்போது அரவர் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு நாள் முழுப் பன்றியைத் தின்றுவிட்டு, போர் நடக்கும்போது அசையமாட்டார். குளிர் பட்டால் செரிக்காது, வயிற்றிலேயே அழுகும் அபாயம் உண்டு, கக்கிவிட வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் அந்தக் கவலை இல்லை. மன்ற அறையின் குளிரூட்டியை நினைத்தால்தான் உங்கள் அரவர் மீது பரிதாபம் வருகிறது.

மூட்டை கட்டும் நண்பருக்கு ஒரு கூடுதல் செய்தி: இமை இல்லாததால் அரவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று அவருக்கு ஒருபோதும் தெரியாது.

கணக்கன்:

கதை நன்றாக இருக்கிறது. விதியைப் பார்ப்போம். எல்லாருக்கும் நஞ்சு ஏறாது, எல்லாரும் துப்பலாம் என்று வைத்தால் மற்ற இனத்தை எவரும் எடுக்கமாட்டார்கள். நஞ்சு என்பது உமிழ்நீர்ச் சுரப்பி மாறி வந்த சமாச்சாரம். காலி செய்தால் மறுபடி நிரம்ப நாள் ஆகும். ஆகவே ஒரு நீண்ட ஓய்வுக்கு, அதாவது பாத்திரத்தின் ஓர் இரவுத் தூக்கத்துக்கு, ஒரே தடவை. துப்புவது கண்ணுக்கு மட்டும்: பட்டவர் தம் அடுத்த முறைவரை குருடு, உயிர்ப்புள்ளி குறையாது. இங்கே இருக்கும் கருநிறத் துப்பும் நாகமும் கண்ணைத்தான் குறிவைக்கிறது. நஞ்சுக் காப்புக்குப் பாதிச் சேதம் போதும். தன் இனத்து நஞ்சைத் தாங்குபவன் தேள் நஞ்சையும் தாங்குவான் என்று என்ன கட்டாயம்?

மரமேறிகளுக்குச் சறுக்கிப் பறத்தல் கொடுக்கலாம். விலா எலும்பை விரித்து உடலைத் தட்டையாக்கி மரத்துக்கு மரம் பாயும் பாம்பு நம் பூங்காக்களிலேயே இருக்கிறது. மேலே ஏறாது, கீழ்நோக்கி மட்டும். அதுவே சமநிலை.

கரும்பலகை:

தம்பி, நான் தமிழாசிரியை. என் மகன் இந்த ஆட்டத்தில் மூழ்கிக் கிடப்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். சதுப்புநிலத்தான் ஐயா சொன்ன சட்டைக்காவல் அருமை. ஆனால் உடம்பை மட்டும் வைத்து ஓர் இனத்தை எழுதினால் அது உயிரியல் பூங்காவாகிவிடும். அரவருக்குச் சட்டம் வேண்டும், பேச்சு வேண்டும், பழைய வழக்குகள் வேண்டும். அதற்கு நம் வீட்டு அலமாரியே போதும்.

மணிமேகலையில் சாதுவன் என்னும் வணிகன் கப்பல் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கம் கரை ஒதுங்குகிறான். அவர்கள் கரையேறுபவனைத் தின்பவர்கள். தூங்கிக்கொண்டிருந்தவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவன் பிழைத்ததற்கு ஒரே காரணம், அவர்களுடைய மொழியைக் கற்றிருந்தான். வாய் திறந்ததும் அவர்கள் திகைத்து, தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொல்கிறான், இவன் மறுக்கிறான், பிறகு இருவருக்கும் இடையே நடப்பது வாள்சண்டை அல்ல, நீண்ட வாதம். முடிவில், கப்பல் உடைந்து வருபவரைக் கொல்வதில்லை என்ற ஒழுக்கத்துக்குத் தலைவன் இசைகிறான். அதற்குமுன் இறந்தவர்களிடமிருந்து எடுத்த அகில், சந்தனம், துணிப்பொதிகளையும் சாதுவனிடமே கொடுத்து அனுப்புகிறான்.

பவழத்துறை துறைமுகம்தானே? இதைவிட என்ன வேண்டும்? உங்கள் அரவர் அந்த ஒழுக்கத்தை ஏற்றுக்கொண்ட தலைவனின் வழிவந்தவர்கள் என்று வையுங்கள். கரையேறியவனைத் தொடக்கூடாது, அவனுடைய சரக்கை நிறுத்துக் கணக்கு வைத்துத் திருப்பித் தர வேண்டும். இந்தச் சட்டத்தால் துறைமுகத்தின் கிடங்குகளெல்லாம் அவர்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவர்களிலேயே சிலருக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை; பழைய வழக்கமே நல்லது என்கிறார்கள். உங்களுக்கு வில்லன் வேண்டுமென்றால் அவர்கள் இருக்கிறார்கள், இனம் முழுவதையும் வில்லனாக்கத் தேவையில்லை.

அதே நூலில் ஒரு மணி இருக்கைக்காக இரு நாக மன்னர் போரிடுகிறார்கள்; எவராலும் அதைத் தூக்க முடியவில்லை, விட்டுவிடவும் மனமில்லை. புத்தர் வந்து, இருக்கை தமது என்று சொல்லி அமர்ந்துவிடுகிறார். ஆறேழு வாரத்துக்கான ஆட்டம் அதிலேயே கிடக்கிறது.

உரித்த சட்டையில் பாதி என்றாரே, அதைச் சும்மா விடாதீர்கள். பொருநராற்றுப்படை நேர்த்தியான துணிக்குப் பாம்புரியைத்தான் உவமை சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நாகம் கொடுத்த துணி ஒன்றை ஆய் வள்ளல் ஆலமர்செல்வனாகிய சிவனுக்குச் சாத்துகிறான். அரவர் சட்டையில் நெய்த மேலாடை சந்தையில் என்ன விலை போகும்? சட்டைக்காவலன் தன் பாதியை விற்றால் என்ன ஆகும்?

பெயருக்கும் அலைய வேண்டாம். புறநானூற்றின் இரண்டாம் பாடலைப் பாடியவர் முரஞ்சியூர் முடிநாகராயர். அப்படி ஊரை முன்னால் வைத்துக் கம்பீரமாகப் பெயரிடுங்கள். எல்லாரையும் நாகராணி ஆக்கிவிடாதீர்கள்.

பகடையுருட்டி:

ஐயா, அக்கா, கணக்கன் அண்ணன், மூவருக்கும் நன்றி. குலங்கள் போயின. வால் வந்தாயிற்று. நேற்றிரவு உட்கார்ந்து எழுதியதன் ஒரு துண்டு:

"அரவர் குழந்தைக்குப் பெயர் கிடையாது, கூடு கட்டிய தாயின் ஊரே அடையாளம். முதல் சட்டைக்காவலன் கிடைக்கும் நாளில்தான் பெயர் வரும், அதை வைப்பவனும் அவனே. ஆகவே பவழத்துறையின் அரவர் பலருக்குக் கடலோடிகளின் பெயர்கள், சமையற்காரரின் பெயர்கள், ஒருவருக்குச் சுங்க அதிகாரியின் வளர்ப்பு நாயின் பெயர். காவலன் தன் பாதிச் சட்டையை விற்றால் பெயர் செல்லாது. பெயரற்றவர் கிடங்கில் கணக்கெழுத முடியாது, கப்பலேற முடியாது. விற்ற துணியைத் தேடி மீட்கும்வரை சதுப்பில்தான் வாசம்."

புதிய ஆட்டக்காரருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அவருடைய பாத்திரமே பெயர் பறிபோனவள்தானாம். விற்றவன் யார் என்பதை நான் முடிவு செய்யலாம் என்கிறார். பழிவாங்கும் கதை வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன், ஆனால் அவள் தேடுவது துணியைத்தானே, ஆளை அல்லவே.

மூட்டை கட்டும் நண்பர் இன்னும் முனகுகிறார். முதல் ஆட்டத்திலேயே அவளுக்குச் சட்டை உரியும் நாள் வரவேண்டும், அருகில் அவர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று திட்டம். அவரிடம் சொல்லவில்லை.

சதுப்புநிலத்தான்:

நாயின் பெயர் வேடிக்கை, அதை எடுத்துவிடாதீர்கள். ஒரு சின்னத் திருத்தம்: சட்டை உரிவதற்குச் சற்று முன்பே கண் மறுபடி தெளிந்துவிடும். மங்கல் முதலில், தெளிவு அடுத்து, உரிதல் கடைசியில். அந்தத் தெளிந்த இடைவெளியில் அவள் காவலனை நேராகப் பார்க்கிறாள், அவனுக்கோ அவள் இன்னும் குருடு என்று நினைப்பு. உங்கள் நண்பர் அப்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

இன்னொன்று, உரிவது உதட்டில் தொடங்கும். கரடுமுரடாக எதிலாவது முகத்தைத் தேய்க்க வேண்டும். கல்லோ மரப்பட்டையோ பக்கத்தில் இருக்கட்டும்.

கணக்கன்:

காவல் இருப்பவருக்கு அந்த இரவு நீண்ட ஓய்வாகக் கணக்கில் வருமா வராதா? அதை இப்போதே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமை முழுக்க அதிலேயே போய்விடும், மன்ற அறையை ஒன்பதரைக்குப் பூட்டுவார்கள்.