பிஎச்.டி. கோர்ஸ்வொர்க்கில் (ஆய்வேட்டுக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களில்) இன்னும் மனதை உறுத்தும் ஒரு நாள்: உங்களுக்கு உண்டா?

பேரணாம்பட்டான்:
இரண்டாம் மொழி கற்றலில்தான் என் ஆய்வு. மூன்றாவது பேப்பருக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. எங்கள் ஊர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் இருந்த பிழைகளைத் தொகுத்துப் போயிருந்தேன். பிழைகளைப் பற்றி கார்டர் 1967, இடைமொழி (புது மொழி கற்பவர் நடுவழியில் தனக்கென்று உருவாக்கிக்கொள்ளும் மொழி) பற்றி செலிங்கர் 1972, எல்லாம் தயார். ஒரு பையன் ஸ்கூலை 'இஸ்கூல்' என்று எழுதியிருந்தான். எதிரே 'தாய்மொழித் தமிழின் தாக்கம்' என்று போட்டிருந்தேன். வெளியிலிருந்து தேர்வாளராக வந்த மேடம் அந்த வரியில் விரலை வைத்து, "இந்தப் பையன் வீட்டில் உருது இல்லையாப்பா? அவங்களும் இஸ்கூல்னுதானே சொல்வாங்க. இவனுக்கு இங்கிலீஷ் எத்தனையாவது மொழி?" என்றார்.

அவன் என் பக்கத்து வீட்டுப் பையன். அவன் அம்மாவோடு அரைகுறை உருதுவில் பேசுகிறவன் நான். பாஸ் போட்டார்கள், சரி. ஆனால் அந்த விரல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

குடியாத்தம் டீச்சர்:
எங்கள் பக்கம் உருதுவோடு தெலுங்கும் உண்டு, அதை விடுங்கள். என்னை வதைத்தது ஆய்வு நெறிமுறை பேப்பர். பகுதிநேரம் என்பதால் சனிக்கிழமை வகுப்பு, பஸ்ஸிலேயே எழுதிய அசைன்மென்ட். காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டால் 34 சதவீதம் ஒத்துப்போகிறது. ஆய்வேடுகளுக்கான யு.ஜி.சி.யின் 2018 விதியில் உள்ள 10 சதவீத வரம்பையே அசைன்மென்ட்டுக்கும் வைத்திருந்தார்கள். எங்கிருந்து எடுத்தேன் என்று பார்த்தால், எல்லாம் என் சொந்த எம்.ஃபில். ஆய்வேடு! நான் எழுதியதை நானே திருடினேனாம். வகுப்பே சிரித்தது.

ஆற்காடு மக்கன்பேடா:
டீச்சர், சிரித்தது தப்பு, சொன்னது தப்பில்லை. பழையதை எடுத்தால் பழையது என்று குறிப்பிட வேண்டும். எம்.ஃபில். முடித்தவருக்குத் துறை கோர்ஸ்வொர்க்கிலிருந்து விலக்குத் தரலாம் என்று யு.ஜி.சி.யின் 2016 விதியில் இருந்ததே, கேட்டுப் பார்த்தீர்களா? 2022 விதியில் குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீத மதிப்பெண், எம்.ஃபிலே நின்றுவிட்டது.

என் கதை சின்னது: ஒரே பிள்ளைகளுக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்துவிட்டு, சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்டில் இரண்டு தனி வகுப்புகளுக்கானதைப் போட்டேன். அரியர்.

பேரணாம்பட்டுத் தம்பிக்கு ஒன்று. தரவு எடுக்கும் முன்பே மொழிப் பின்னணிப் படிவம் கொடுங்கள். 'தாய்மொழி எது' என்று மட்டும் கேட்காதீர்கள். பாட்டியிடம் எதில் பேசுவாய், தெருவில் விளையாடும்போது எதில், கடையில் எதில், எத்தனை வயதில் எந்த மொழியை எழுதப் பழகினாய் என்று தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் மாவட்டங்களில் இரண்டாம் மொழி என்பது தெருவுக்குத் தெரு மாறும். கைடிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் நீங்களே செய்யுங்கள்.

பேரணாம்பட்டான்:
அண்ணே, நான் யோசனை கேட்கவே இல்லை. படிவமும் அப்புறம் கொடுத்தேன். 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் 'தமிழ்' என்று எழுதியிருந்தான். ஏண்டா என்றேன். "சார், ஃபாரமே தமிழ்லதானே இருந்தது?"