‘வழக்கமான பாதுகாப்பு ஆய்வு’ என்ற தொடர் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மொபைல் கிரேனின் ‘ரொட்டீன் சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன்’ என்பதற்குத் தமிழாகச் சென்ற மடலில் நண்பர் முன்வைத்த ‘நகரும் பாரந்தூக்கியின் வழக்கமான பாதுகாப்பு ஆய்வு’ என்ற தொடரில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் நவி மும்பையில் ஒரு கட்டுமானக் களத்தின் தமிழ்த் தொழிலாளர்களுக்காகப் படிவம் எழுத அமர்ந்தபோது, அதன் ஐந்து சொற்களில் மூன்று என்னை இடறின.

‘நகரும்’ என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். தொழிற்கூடத்தின் கூரையடியில் தண்டவாளத்தில் ஓடும் பாரந்தூக்கியும் நகரத்தான் செய்கிறது. ‘ஊர்திப் பாரந்தூக்கி’ என்றால் அந்த மயக்கம் இல்லை. ‘ஊர்’ என்ற வினையடி சக்கரத்தில் செல்வதற்கும் சங்கிலித் தடத்தில் ஊர்வதற்கும் ஒருங்கே பொருந்துகிறது. களத்தில் பலரும் ‘ஹைட்ரா’ என்றே அழைப்பார்கள் என்பது வேறு கதை.

‘வழக்கமான’ என்பதுதான் எனக்குப் பெரிய தடை. தமிழில் ‘வழக்கமான சோதனைதான்’ என்று ஒருவர் சொன்னால், கவலைப்பட ஒன்றுமில்லை, பெயருக்குச் செய்வது என்ற தொனியே முதலில் கேட்கிறது. வாரம் முழுவதற்குமான கட்டங்களைத் திங்கட்கிழமை காலையிலேயே நிரப்பி வைத்திருந்த படிவத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன்; அந்த மனப்போக்குக்குப் பெயரிலேயே இடம் கொடுக்க வேண்டாம். எத்தனை நாளுக்கொருமுறை என்பதை அடைமொழி நேராகச் சொல்லட்டும்.

அடுத்து ‘ஆய்வு’. இங்கே நாம் ஒரு சொல்லைத் தேடுவதே தவறு, செயல்கள் மூன்று. பணி தொடங்குமுன் ஓட்டுநர் கம்பிவடத்தில் இழைகள் அறுந்துள்ளனவா, கொக்கியின் தடுப்பு நாக்கு சரியாக மூடுகிறதா, கொக்கி மேலே முட்டுவதற்கு முன் லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறதா என்று பார்ப்பது ஒன்று. தகுதி பெற்ற ஒருவர் ஆண்டுக்கொருமுறையேனும் செய்வது இன்னொன்று: 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29ஆம் பிரிவில் இதற்கு 12 மாத வரம்பு வைத்ததுடன், கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், தேவைப்பட்டால் உறுப்புகளைக் கழற்றியும் நம்பத்தக்க முடிவுக்கு வருவது என்று விளக்கமும் தந்தது. மூன்றாவது, பாரம் ஏற்றிப் பார்ப்பது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டின் நடுவண் விதிகள் இதை முதற்பயன்பாட்டுக்கு முன்னும், பின்னர் 5 ஆண்டுக்கொருமுறையேனும் கேட்டன. 20 டன் வரை தூக்கும் பொறிக்கு அனுமதித்த பாரத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக ஏற்ற வேண்டும் என்றன.

ஆகவே முதலாவதற்குச் ‘சரிபார்ப்பு’, இரண்டாவதற்கு ‘முழு ஆய்வு’, மூன்றாவதற்குப் ‘பாரச் சோதனை’ என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘சோதனை’ பாரம் ஏற்றும் செயலுக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும். இல்லையேல் ‘சோதனை ஆயிற்று’ என்ற ஒரு வரியை வைத்து, ஏற்றியே பார்க்காத பொறிக்குச் சான்று இருப்பதாக எவரும் எண்ணிவிடக்கூடும். ‘சரிபார்ப்பு’ சான்றிதழ்களுக்கு உரிய சொல் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், ஆனால் ‘பார்’ என்ற வினை அதற்குள் வெளிப்படையாக நிற்பதால், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது.

நாணயத்தின் தரம் பார்ப்பதைக் குறித்த ‘நோட்டம்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. இன்று ‘நோட்டம் விடுவது’ திருடனின் வேலையாகிவிட்டதால் அதைக் கைவிட்டேன்.

இதன்படி படிவத்தின் தலைப்பு ‘ஊர்திப் பாரந்தூக்கி: பணிமுன் சரிபார்ப்பு’ என்றாகும், மாதந்தோறும் செய்வது ‘மாதச் சரிபார்ப்பு’. பொறி கவிழாமல் இருக்க இருபுறமும் நீட்டி ஊன்றும் கால்களுக்கு இப்போதைக்குத் ‘தாங்குகால்’ என்று எழுதியிருக்கிறேன். ‘ஊன்றுகால்’ பொருத்தம் என நினைப்பவர்கள், படிவம் அச்சுக்குப் போகும் முன் காரணத்துடன் எழுதுங்கள்.

அன்புடன்,
நவி மும்பையிலிருந்து ஒரு பாதுகாப்பு அலுவலர்