நீதி தெய்வம் வைத்தேன், துப்பறியும் கதை இருபது நிமிடத்தில் முடிந்தது. உதவி தேவை

பகடைக்காரன்:
ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்தும் டிஎம் நான். உலகம் சொந்தச் சரக்கு. அதில் ஒரு துறைமுக நகரத்துக்குத் துலையம்மன் என்று நீதி தெய்வம் ஒன்றை வைத்தேன். கண்ணில் கட்டு, கையில் தராசு. பூசாரிகள் எல்லோரும் வெள்ளை அங்கி, எல்லோரும் உத்தமர்கள். குழுவில் ஒருத்தியின் பாத்திரம் அந்த அம்மனின் கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி.

உப்புக் கிடங்கில் ஒரு கொலை. மூன்று வாரம் ஓட வேண்டிய கதை. அவள் சந்தேகப்பட்ட ஆறு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து பொய் சொல்லவிடாத ஸோன் ஆஃப் ட்ரூத் மந்திரத்தைப் போட்டாள். இருபது நிமிடத்தில் கொலைகாரன் அகப்பட்டான். மீதி நேரம் பஜ்ஜி தின்றோம். மந்திரத்தைத் தடை செய்துவிடலாமா?

உப்புக்கல்:
வேண்டாம். விதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 15 அடி ஆரம், 10 நிமிடம். கரிஸ்மா சேவிங் த்ரோவில், அதாவது மந்திரத்திலிருந்து தப்பிக்க உருட்டும் பகடையில், தோற்றவன் தெரிந்தே பொய் சொல்ல முடியாது, அவ்வளவுதான். வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. மந்திரம் தன் மேல் இருப்பதும் அவனுக்குத் தெரியும். "அன்று ராத்திரி கிடங்குக்குப் போனாயா?" என்றால், "உப்பு வியாபாரி கிடங்குக்குப் போகாமல் வேறெங்கே போவான்?" என்று கேட்கலாம். அது பொய்யில்லையே.

பகடைக்காரன்:
அடடா, இதைக் கவனிக்கவில்லை. ஆனால் மழுப்புகிறவன்தான் குற்றவாளி என்று பிடித்துக்கொள்வார்களே?

மூன்றாம்ஜாமம்:
ஆறு பேருக்கும் மறைக்க ஏதாவது கொடுத்துவிடுங்கள். ஒருவனுக்குக் கள்ளத்தொடர்பு, ஒருவனுக்கு வரி ஏய்ப்பு. சரி, அது ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

உண்மையான கோளாறு அம்மனிடம் இருக்கிறது. எல்லாம் தெரிந்த தெய்வம், ஓட்டையே இல்லாத பூசாரி. இரண்டுக்கும் நடுவில் மனிதன் தடுமாற இடமே இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் தெய்வத் தீர்ப்பு எப்படி நடந்தது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடப்பான். கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்று நாள் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் ஆறி வந்தால் நிரபராதி, சீழ் கோத்திருந்தால் குற்றவாளி. தீர்ப்பு கடவுளுடையது, சரி. ஆனால் அந்தத் துணியைப் பிரித்து, "இது ஆறுகிற புண்" என்று சொல்வது யார்? பாதிரியார். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் இந்தச் சடங்குகளைப் பாதிரியார்கள் நடத்தக் கூடாது என்று தடுத்தது. நாலே வருஷத்தில் இங்கிலாந்து அரசு வேறு வழி தேடச் சொல்லி நீதிபதிகளுக்கு எழுத வேண்டியதாயிற்று. குற்ற வழக்கில் ஜூரி அங்கே வேர் பிடித்தது அதற்கப்புறம்தான்.

உங்கள் பூசாரிகளில் அந்தத் துணியைப் பிரிக்கிற ஆள் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவனுக்கு ஒரு கடன்காரனையும் கொடுங்கள்.

கருவாட்டுக்குழம்பு:
கண்கட்டு பற்றி ஒன்று. 1494-இல் பாசல் நகரில் அச்சான ஒரு மரச்செதுக்குப் படத்தில் நீதி தேவதையின் கண்ணைக் கட்டுவது யார் தெரியுமா? ஒரு கோமாளி. கிண்டல் படம் அது. பாரபட்சமின்மையின் அடையாளமாகப் பரவலானது பிற்பாடு. உங்கள் அம்மன் கண்ணை யார் கட்டினார்கள் என்பதே ஒரு கேம்பெயினுக்கு, மாதக்கணக்கில் ஓடும் தொடர்கதைக்கு, போதும்.

மனுதாரர்:
நான் விருத்தாசலம் பக்கம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். பொருள் திருட்டுப் போனது, கடன் வாங்கியவன் ஏமாற்றியது, எல்லாவற்றையும் காகிதத்தில் மனுவாக எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். உத்தராகண்டில் அல்மோரா அருகே சிதை கோலு தேவதா கோயிலிலும் இதே கதை. அங்கே முத்திரைத் தாளில்கூட எழுதித் தொங்கவிடுகிறார்கள், சுற்றிலும் ஆயிரக்கணக்கில் மணிகள்.

இந்த இரண்டு சாமியும் தாமாக வந்து துப்பறிவதில்லை. யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் அம்மனையும் அப்படி ஆக்குங்கள். பிராது இல்லாத வழக்கில் அவள் கிளெரிக்குக்கு ஸோன் ஆஃப் ட்ரூத் கிடைக்காது. பூசாரி என்பவர் முதலில் குமாஸ்தா: பெயர் சரியா, சாட்சி உண்டா, வாதி உயிரோடு இருக்கிறாரா. கொலையில் வாதி செத்தவன். அவன் சார்பில் பிராது கட்ட உரிமை யாருக்கு? அங்கேயே ஒரு மாலை ஓடிவிடும்.

உப்புக்கல்:
வில்லன் பக்கத்துக்கு ஒரு பொருள்: பழைய எகிப்தில் செத்தவனின் இதயத்தை உண்மைக்கும் நீதிக்கும் உரிய தெய்வமான மஆத்தின் இறகுக்கு எதிரே வைத்து நிறுப்பார்கள் என்பது நம்பிக்கை. அதனால் மம்மியின் நெஞ்சில் வண்டு வடிவக் கல் ஒன்றை வைப்பார்கள். அதில் செதுக்கியிருப்பதன் சாரம்: இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே. உங்கள் துறைமுகத்தில் அந்தக் கல்லைக் கள்ளத்தனமாக விற்கிற கடை ஒன்று திறங்கள். வைத்திருப்பவனுக்கு சேவிங் த்ரோவில் அட்வான்டேஜ், இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் த்ரோவில் தப்பித்தவன் யார் என்பது மந்திரம் போட்டவளுக்குத் தெரியும், மறந்துவிடாதீர்கள்.

பகடைக்காரன்:
நேற்று ஆடினோம். கண்கட்டையும் கல் கடையையும் எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் தொடவில்லை. பிராது விதியை மட்டும் சேர்த்தேன். கிளெரிக் முதலில் முகம் சுளித்தாள். அப்புறம் கோயில் வாசலில் குமாஸ்தாப் பூசாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இறந்தவர் தகப்பன் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது, திரும்ப எழுதி வாருங்கள்" என்றதும் மேஜையே சிரித்தது. விதவையிடம் கையெழுத்து வாங்கப் போனவர்கள், அவளுக்குக் கையெழுத்துப் போட விருப்பமில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஏன் என்பதில் நிறுத்தியிருக்கிறேன்.

இப்போது புதுச் சிக்கல். திருடன் பாத்திரம் ஆடுகிறவர் போகிற போக்கில் கிளெரிக் மேலேயே ஒரு பிராது கட்டிவிட்டார், போன மாதத்துப் புதையலில் பங்கு குறைகிறதாம். அம்மன் தன் கிளெரிக்கையே விசாரித்தால் மந்திரம் யார் போடுவது?