'ரீடர் மோடு' பொத்தானுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

தும்பி:
வணக்கம். நாம் தமிழாக்கும் உலாவியின் கைப்பேசிப் பதிப்பில் மிச்சமிருப்பது ஒரே சொல். வெள்ளியோடு கோப்பைப் பூட்டிவிடுவார்கள். கட்டுரைப் பக்கத்தில் அந்தப் பொத்தானைத் தொட்டால் விளம்பரம், பக்கப்பட்டி, மேலே மிதக்கும் அறிவிப்பு எல்லாம் போய் எழுத்து மட்டும் நிற்கும். எழுத்தளவு, வரி இடைவெளி, பின்னணி நிறம் மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம். சின்னத் திரையில் நீளமான கட்டுரை படிப்பவர்களுக்கு இதைவிட உதவியான வசதி இல்லை. இப்போது கோப்பில் 'படிப்பான் பார்வை' என்று இருக்கிறது. யார் பார்வை, எதைப் பார்க்கிறது? பட்டியில் எட்டு எழுத்து, மிஞ்சினால் ஒன்பதுக்குத்தான் இடம்.

நிரலாடி:
'வாசிப்புப் பயன்முறை'. போன்களில் ஏற்கெனவே 'விமானப் பயன்முறை' இருக்கிறது, மக்களுக்குப் பழகிவிட்டது. முடிந்தது வேலை.

பழையவன்:
பத்து எழுத்து. போதாக்குறைக்கு நடுவில் ஒரு வல்லெழுத்து மிகுந்து 'வாசிப்புப் ப' என்று நாக்கு தடுக்குகிறது. அது கிடக்கட்டும், வாசி வடசொல். வீட்டிலேயே 'படி' இருக்க ஏன் கடன்? செய்முறை போல வினைத்தொகையாகப் 'படிமுறை' என்க. காலம் கரந்த பெயரெச்சம். படித்த, படிக்கின்ற, படிக்கும் மூன்றும் அதிலேயே அடங்கும். நான்கே எழுத்து.

அல்லி:
ஐயா, படிமுறை போணியாகிவிட்டது. அல்காரிதத்துக்குப் 'படிமுறைத் தீர்வு' என்று புழங்குகிறது. படிநிலை என்றால் ஏணி வரிசை. படிப்பு நிலை என்றால் விண்ணப்பப் படிவம் கேட்கும் கேள்வி. படி என்ற சொல்லே நகல், அளவை, வாசற்படி என்று எல்லா வீட்டிலும் வேலை பார்க்கிறது. வடசொல் என்ற கவலைக்குத் தொல்காப்பிய எச்சவியலே விடை சொல்கிறதே: "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே." வாசியில் எந்த வடவெழுத்து இருக்கிறது?

பழையவன்:
தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்னது பொத்தானுக்குமா? சரி, வாசியையே எடுத்துக்கொள்வோம். வாசி குதிரை. வாசி சித்தர்களுக்கு மூச்சு. வாசி வேறுபாடு, "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று சம்பந்தர் கேட்டது காசில் இருந்த வாசியைத்தான். முக்கால்வாசியில் வருவது பங்கு. பொத்தானைத் தொட்டால் இதில் எது வரும்? என் முன்மொழிவு: 'ஓதுமுகம்'.

நிரலாடி:
ஓதுமுகமா! தொட்டதும் தேவாரம் கேட்கும் என்று நினைப்பார்கள்.

அந்தப் பொத்தான் உள்ளே செய்வதைப் பார்த்தால் வேறு சொல்லே தோன்றுகிறது. 2009-இல் ஆர்க்90 நிறுவனம் ரீடபிலிட்டி என்று ஒரு சோதனைக் கருவி வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் இன்றும் வைத்திருப்பது அதன் வழித்தோன்றல்தான். பக்கத்தில் கட்டுரை எது, குப்பை எது என்று அது ஊகிக்கிறது: பத்திக்கு ஒரு மதிப்பெண், ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒன்று, நீளத்தில் நூறு எழுத்துக் குறியீட்டுக்கு ஒன்று வீதம் அதிகபட்சம் மூன்று. இணைப்புகளே நிறைந்த பகுதிக்கு மதிப்பெண் குறையும். அப்புறம் அதிக மதிப்பெண் வாங்கிய பகுதியைத் தனியே எடுத்துக் காட்டும். முறத்தில் புடைப்பது மாதிரி. ஆகவே 'புடைப்பு'.

அல்லி:
புடைப்பு என்றால் வீக்கம். ஆனால் காற்புள்ளிக் கணக்கு சுவையாக இருக்கிறது! தமிழில் "அவனும் இவனும் உவனும்" என்று எண்ணும்மை போட்டு எழுதுகிறவருக்குக் காற்புள்ளியே தேவைப்படாது. அவர் கட்டுரை தோற்குமா?

நிரலாடி:
அங்கே போனதை இங்கே பிடித்துவிடலாம். 'படித்தேன்' நமக்கு ஐந்து எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் கொம்பும் புள்ளியும் தனித்தனி, ஒன்பது குறியீடு. நீளத்தில் நமக்கு லாபம்.

பழையவன்:
ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. இரண்டிலும் நட்டம். உங்கள் கருவி முன்னோரைக் குப்பை என்று தள்ளும்.

தும்பி:
நண்பர்களே, வெள்ளி!

சோதனைப் பதிப்பில் பார்த்த மூன்றையும் சொல்லிவிடுகிறேன். இரு ஓரமும் சீராக்கும் தேர்வைத் தமிழுக்கு இயல்பாக வைக்கக் கூடாது. நம் சொற்கள் நீளம். குறுகிய திரையில் வரிக்கு மூன்று சொல் விழுந்து நடுவே பள்ளம் பள்ளமாக வெளி தெரிகிறது. இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் கண் தடுக்காமல் ஓடும். வரி இடைவெளியையும் ஒரு படி கூட்டியே வைக்கவேண்டும், மேல் விலங்குச்சுழியும் கீழ் உகரக்காலும் முட்டிக்கொள்கின்றன. எழுத்துரு மாற்றும் பொத்தான் பல போன்களில் தமிழுக்கு ஒன்றும் செய்யாது. தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் கணினி எதையோ எடுத்துப் போட்டுக்கொள்கிறது.

ஆமாம், பின்னணி நிறப் பட்டியலில் 'செபியா' என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் சொல் வேண்டும்.

பழையவன்:
செபியா கிரேக்கத்தில் கணவாய் மீன். அதன் மையிலிருந்து எடுத்த நிறம். எனவே 'கணவாய் நிறம்'.

அல்லி:
கணவாய் மலையிடுக்கும்தானே ஐயா? பழுப்பு போதும்.

செவிவழி:
இதுவரை பேசாமல் இருந்தேன். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரை படிப்பான் வைத்துப் பயன்படுத்துகிறவன் நான். உங்களுக்குப் பட்டியில் படம் தெரியும், எனக்குப் பெயர் மட்டும்தான் கேட்கும். வாசிப்பு என்று காதில் விழுந்தால் சத்தமாக வாசித்துக் காட்டப்போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். செய்தி வாசிக்கிறார்கள், வீணை வாசிக்கிறார்கள். இரண்டிலும் ஒலி உண்டு. ஓதுவதும் அப்படித்தான். உரக்கப் படித்துக்காட்டும் பொத்தான் அதே பட்டியில் பக்கத்திலேயே இருக்கிறது! எனக்கு இந்த இரண்டும் குழம்பினால் வசதியே வீண். மௌனமாகப் படிப்பதற்கு நாம் பேச்சில் சொல்வது 'படிக்கிறேன்'தான். வினைத்தொகை வேண்டாம், நேராகப் 'படிக்கும் முறை' என்று வையுங்கள். ஏழு எழுத்து.

நிரலாடி:
இந்தக் காரணம் வலுவானது. ஆதரிக்கிறேன். பயன்முறையைக் கைவிடுவதில்தான் வருத்தம்.

அல்லி:
எனக்கும் சரி. பொருளும் ஒலியும் முட்டவில்லை.

பழையவன்:
கடைசியில் 'படி' வென்றது, மகிழ்ச்சி. ஆனால் பெயரெச்சத்தை விரித்துப் போட்டால் அது சொற்றொடர், கலைச்சொல் ஆகாது. நாளை இதிலிருந்து இன்னொரு சொல்லை எப்படிக் கிளைக்க வைப்பீர்கள்? "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே" என்ற தொல்காப்பியர் பொருளைப் பரப்பி வைக்கச் சொல்லவில்லை.

அல்லி:
"மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றவரும் அவரே, ஐயா.

தும்பி:
'படிக்கும் முறை' மூன்று ஆதரவு, ஒரு மறுப்பு. கோப்பில் ஏற்றிவிட்டேன். செபியாவுக்குப் 'பழுப்பு'. அனைவருக்கும் நன்றி.

பழையவன்:
என் மறுப்பைக் குறிப்புப் புலத்திலும் எழுதிவிடுங்கள். அடுத்த பதிப்புக்கு 'படிமுகம்' என்று ஒன்று வைத்திருக்கிறேன், வேர் விளக்கம் தனி மடலில் வரும்.

நிரலாடி:
உதவிப் பக்கத்தில் இன்னும் பதினோரு இடத்தில் 'வாசிப்புப் பயன்முறை' கிடக்கிறது. அதை யார் மாற்றுவது?